கட்டை போடுகிறவரின் நாடி

“என் நெஞ்சு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது, வைத்தியரம்மா,” என்றார் மாசானம்.

உலகம்மை கல்வத்தில் ஏதோ வேர் அரைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எத்தனை நாளா?”

“ஒரு வருசமா.”

“அதுக்கு முன்னால கேட்டுச்சோ?”

மாசானம் யோசித்துப் பார்த்தார். அதற்கு முன்னால் அவர் அதனிடம் எதுவும் சொன்னதே கிடையாது.

மாசானத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. உலகம்மைக்கு முப்பது ஆகவில்லை. தன் மகள் வயதுப் பெண்ணிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அவர் மூன்று நாள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் கிளம்பி, மலையடியில் இருந்த அந்தத் தகரக் கூரை வைத்தியசாலைக்கு நடந்தே வந்துவிட்டார்.

ஊரில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. வருடம் முழுவதும் மரக்கடையில் அறுப்பு வேலை. ஆனி மாதம் ஒரே ஒரு நாள் மட்டும் வேறு வேலை. அன்றைக்குத் தேரின் வலது சக்கரத்துக்கு அவர்தான் முட்டுக்கட்டை போடுவார்.

வடம் பிடிக்க ஊரே வரும். கட்டை போட இரண்டு பேர்தான். முன்பக்க வலது சக்கரத்துக்கு ஒருவர், இடது சக்கரத்துக்கு ஒருவர். ஆள் உயரச் சக்கரத்துக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே, தேவைப்படும் நொடியில் கட்டையை அடியில் தள்ள வேண்டும். இரண்டு பக்கமும் போட்டால் தேர் நிற்கும். வலது பக்கம் மட்டும் போட்டால் தேர் வலது பக்கம் திரும்பும்.

கிழக்குத் தெரு முடிகிற இடத்தில் ஒரு முனைக்கல் இருக்கிறது. சக்கரத்தின் அச்சு அந்தக் கல்லுக்கு நேரே வரும்போது வலது கட்டை உள்ளே போயிருக்க வேண்டும். தப்பினால் எதிரே குளத்தங்கரைச் சரிவு.

போன வருடம் தப்பியது.

தேர் திரும்பாமல் நேரே இறங்கியது. இடது சக்கரத்தில் நின்ற பேச்சிமுத்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை. தன் கட்டையைக் காலோடு சேர்த்துச் சக்கரத்துக்கு அடியில் திணித்தார். தேர் நின்றது. பேச்சிமுத்துவின் வலது காலில் இரண்டு விரல்கள் போயின.

பேச்சிமுத்து, மாசானத்தின் மனைவிக்குத் தம்பி. அந்தக் காலுக்கு நான்கு மாதம் மருந்து கட்டியது உலகம்மை.

“தேருக்கு இன்னும் எத்தனை நாள், அண்ணாச்சி?”

“பதினெட்டு. காப்புக் கட்டப் பத்து நாள் இருக்கு. காப்புக் கட்டிட்டா பின்வாங்க முடியாது.”

“பின்வாங்கணும்னா இப்பவே சொல்லிறலாமே.”

“நான் நிக்கலன்னா அவனும் நிக்க மாட்டானாம். நின்னா என் மச்சான்கூடத்தான் நிப்பேன்னு கோயில்ல போய்ச் சொல்லிட்டு வந்துட்டான். அந்தக் காலை வெச்சுக்கிட்டு. ரெண்டு பேரும் நிக்கலன்னா தேரே ஓடாது.”

“நின்னா?”

“போன வருசம் மாதிரி இது அடிக்க ஆரம்பிச்சிட்டுன்னா, இந்தத் தடவை விரலோட போகாது, தாயி.” மாசானம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “இதைக் கட்டிப்போட ஒரு வழி சொல்லுங்க. கத்துக்கிடாம நான் போக மாட்டேன்.”

உலகம்மை கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தார்.

சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அது காட்டிய மணி தப்பு. நொடி முள் மட்டும் ஒழுங்காக ஓடியது. வைத்தியருக்கு அது போதும்.

“சரி, சொல்லுங்க.”

“என்னத்த?”

“மெதுவாப் போன்னு அதுகிட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேக்கணும்லா?”

மாசானம் கண்ணை மூடினார். பல்லைக் கடித்தார். மனசுக்குள் சொன்னார். பிறகு அதட்டினார்.

“கூடிட்டு,” என்றார் வைத்தியர்.

முட்டி வலிக்கு எண்ணெய் வாங்க வந்து காத்திருந்த ஒரு அம்மாள் சிரித்துவிட்டார்.

“எங்க வீட்டு எருமையும் இப்படித்தான்.”

“அந்தப் பலகையில படுங்க, அண்ணாச்சி.”

மாசானம் படுத்தார். உலகம்மை மறுபடி அரைக்கப் போய்விட்டார். அந்த அம்மாள் எண்ணெய் வாங்கிக்கொண்டு போனார். கூரைக்கு மேலே ஒரு காகம் நடக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து விரல்கள் வந்தன.

“குறைஞ்சிருக்கு. யாரு சொன்னா?”

“நான் ஒண்ணும் சொல்லல.”

“எந்திரிங்க. டக்குனு.”

எழுந்து நின்றார். வைத்தியரின் விரல் விலகவில்லை.

“ஓடுது. இப்ப யாரு சொன்னா?”

“தெரியல.”

“எந்திரிச்சதும் ரத்தம் காலுக்கு இறங்கும். தலைக்கு எட்டலன்னா ஆளு விழணும். நீங்க விழல.”

மாசானம் தன் காலைப் பார்த்தார்.

“ஏழு நாள் உங்க கையை நீங்களே பிடிச்சுப் பாருங்க,” என்றார் உலகம்மை. “பாத்ததை வந்து சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. அதுகிட்டப் பேசாதீங்க.”

*

மாசானம் பிடித்த பிடியை விடுகிறவர் இல்லை. மரக்கடையில் அறுப்புக்கு நடுவில் பிடித்தார். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுப் பிடித்தார்.

“கை சுளுக்கிட்டா?” என்று கேட்டாள் மனைவி.

“இல்ல.”

“பின்ன எதுக்கு உம்ம கையை நீரே பிடிச்சுக்கிட்டுத் திரியுதீரு? கல்யாணத்தன்னைக்கு என் கையை இவ்வளவு நேரம் பிடிக்கலையே.”

தினமும் மாலை மலையடிக்கு நடந்து போய்ச் சொன்னார்.

“சாப்பிட்டாக் கூடுது.”

“ம்.”

“வெயில்ல நின்னாக் கூடுது. குளிர்ந்த தண்ணியில மூஞ்சிய முக்கினாக் குறையுது.”

“ம்.”

“தேர் ஞாபகம் வந்தாலே கூடுது. தேர் பக்கத்துல கூட இல்ல. நான் கட்டில்ல கிடக்கேன்.”

“ம்.”

ஐந்தாம் நாள் அவர் வேகமாக வந்தார். பாதி வழியிலேயே சொல்ல ஆரம்பித்துவிட்ட மாதிரி இருந்தது.

“தாயி, மூச்சை உள்ள இழுத்தா ஓடுது. வெளிய விட்டா நிதானிக்குது. ஒவ்வொரு மூச்சுக்கும் இப்படித்தான். நூறு தடவை பாத்துட்டேன்.”

“ஆமா.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“சொல்லிருந்தா நூறு தடவை பாத்திருப்பீங்களா?”

மாசானம் அன்றிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். மெல்ல இழுத்தார், மிக மெல்ல விட்டார். அறுப்பு வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டார். ஏழாம் நாள் பலகையில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

“இப்பப் பாருங்க.”

உலகம்மை நொடி முள்ளைப் பார்த்தார். “ஐம்பத்தெட்டு.”

“கட்டிட்டேன்,” என்றார் மாசானம். ஒரு வருடம் கழித்து அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்.

“அப்படியே இருங்க.”

வைத்தியர் எழுந்து உள்ளே போனார். மாசானம் கண்ணை மூடி மூச்சை விட்டுக்கொண்டிருந்தார்.

முதுகுக்குப் பின்னால் பித்தளைத் தாம்பாளம் ஒன்று தரையில் விழுந்தது.

மாசானம் துள்ளி எழுந்துவிட்டார். உலகம்மை நிதானமாக வந்து கையைப் பிடித்தார்.

“நூத்திப் பத்து.”

“என்ன விளையாட்டு இது?” மாசானத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் உங்ககிட்ட விளையாடவா மூணு மைல் நடந்து வாரேன்? அங்க என் முன்னால வரப்போறது தாம்பாளம் இல்ல, தாயி.”

“அதான்,” என்றார் உலகம்மை.

குனிந்து தாம்பாளத்தை எடுத்து, நசுங்கிய இடத்தைத் தடவிப் பார்த்தார்.

*

மறுநாள் காலையிலேயே மாசானம் வந்து நின்றார்.

“மூச்செல்லாம் வேண்டாம். எது வந்தாலும் ஓடாம இருக்கதுக்கு ஒரு மருந்து குடுங்க.”

“அப்படி ஒண்ணு இருக்கு.”

“இருக்கா? இவ்வளவு நாளாச் சொல்லலையே!”

“நீங்க இவ்வளவு நாளாக் கேக்கலையே.”

ஒரு சின்னக் கிண்ணத்தில் கறுப்பாக ஏதோ கஷாயம் கொடுத்தார். அரை வாய்கூட இல்லை. நாக்கு சுருண்டுகொண்டது. மாசானம் முகம் சுளிக்காமல் விழுங்கினார்.

வெயில் பலகைக்கு வரும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

உலகம்மை தாம்பாளத்தை எடுத்து, இந்த முறை அவர் கண்ணெதிரே போட்டார். மறுபடி எடுத்துப் போட்டார். விரல் வைத்துப் பார்த்தார்.

“ஐம்பத்தி நாலு. அசையல.”

மாசானம் சிரித்தார். சத்தமாகவே சிரித்தார்.

“இதான் தாயி, இதான்! தேரன்னைக்குக் காலையில இதைக் குடுங்க. உங்க காலைத் தொட்டுக் கும்பிடுதேன்.”

“தாரேன். அதுக்கு முன்னால எனக்கு ஒரு உதவி.” உலகம்மை மூலையில் கிடந்த அரைகல்லைக் காட்டினார். “அதைத் தூக்கிட்டுப் போய் மேல சுனையில கழுவிட்டு வரணும். தொண்ணூத்தாறு படி.”

மாசானத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தேக்குத் தடியைத் தோளில் ஏற்றுகிறவர். கல்லைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படியேறினார். வைத்தியர் ஒரு படி விட்டுப் பின்னாலேயே வந்தார்.

பத்துப் படி. ஒன்றுமில்லை.

இருபது படி. தொடை கனத்தது.

முப்பது படி. கல்லின் எடை கூடிக்கொண்டே போவது போல இருந்தது. நெஞ்சு அமைதியாக இருந்தது. அது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நாற்பதாவது படியில் ஓரங்களில் இருந்து கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்த படிக்குக் காலைத் தூக்கினார். கால் தரையிலேயே இருந்தது.

உலகம்மை பின்னாலிருந்து கல்லை வாங்கிக்கொண்டார். தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

மாசானத்தின் முகமெல்லாம் வேர்வை. வைத்தியர் அவர் கையைப் பிடித்தார்.

“ஒழுங்கா இருக்கு, அண்ணாச்சி. எது வந்தாலும் ஓடல. உங்க பேச்சை அப்படியே கேக்குது.”

மாசானம் இரண்டு கையாலும் தொடையைப் பிசைந்தார்.

“கால் வரல,” என்றார்.

“கால் கேட்டுச்சு,” என்றார் உலகம்மை. “நெஞ்சு ரத்தம் குடுக்கல.”

*

கஷாயம் வடியும்வரை அவர்கள் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கீழே ஊர் தெரிந்தது. கிழக்குத் தெருவில், தகரக் கொட்டகையைப் பிரித்து வைத்திருந்ததால், தேரும் தெரிந்தது.

“அங்க தேர் நிக்குதே, அதுக்கு இப்பக் கட்டை போட்டிருக்கா?” என்று கேட்டார் வைத்தியர்.

“பின்ன? நாலு சக்கரத்துக்கும் போட்டிருக்கு.”

“யாரும் இழுக்கலையே. எதுக்குக் கட்டை?”

“தெரு பூராச் சரிவுல்லா. கட்டை இல்லன்னா தானாவே உருண்டிரும்.”

“அப்போ சும்மா நிக்கிற நேரத்துலயும் பிடிச்சுக்கிட்டேதான் இருக்கு.”

“ஆமா.”

“கிளம்பணும்னா முதல்ல எது? வடமா, கட்டையா?”

மாசானத்துக்கு உயிர் வந்தது. இது அவருக்குத் தெரிந்த விஷயம்.

“கட்டையைத்தான் உருவுவோம், தாயி. உருவினதுமே ரெண்டு சுத்து தானா வரும். வடத்துல விசை ஏற அதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஆகும். நிறுத்தணும்னாலும் அப்படித்தான். வடம் பிடிக்கிறவன் கைய விட்டாலும் தேர் நிக்காது. கட்டை போட்டாத்தான் நிக்கும்.”

உலகம்மை தன் மணிக்கட்டில் தானே விரல் வைத்துக்கொண்டார்.

“உள்ளேயும் ஒருத்தன் கட்டையோட நிக்கான்.”

மாசானம் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார்.

“எப்பவுமா?”

“நீங்க தூங்கும்போதும். எப்ப உருவணும், எப்பப் போடணும்னு அவன் உங்ககிட்ட வந்து கேக்கிறதில்ல.”

“என்னை மாதிரி ஆளுன்னு சொல்லுங்க.”

“உங்களை மாதிரியா?” வைத்தியர் தேரையே பார்த்துக்கொண்டிருந்தார். “தெரியல, அண்ணாச்சி. அவன் நேரம் வந்தாப் போட்டிருவான். எது அடங்கட்டும்னும் காத்துக்கிட்டு நிக்க மாட்டான்.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மாசானத்தின் தாடை இறுகியது. அடங்கியிருந்த நெஞ்சு மறுபடி ஓடியது. கஷாயம் வடிய ஆரம்பித்திருந்தது.

“யாரு சொன்னா உங்களுக்கு?”

“என்னத்த?”

மாசானம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த துண்டை முகத்திலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

“அன்னைக்குச் சக்கரம் எனக்குத் தெரிஞ்சுது. முனைக்கல்லும் தெரிஞ்சுது. கட்டை கையில இருந்துச்சு. இது அடிச்ச அடியில காது அடைச்சுப் போச்சு. இது கொஞ்சம் அடங்கட்டும், பிறகு போடுவோம்னு நின்னேன்.”

உலகம்மை தேரிலிருந்து பார்வையை எடுத்து அவர் பக்கம் திரும்பினார்.

“மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், தாயி. ஒரே ஒரு மூச்சு. அதுக்குள்ள அச்சு கல்லைத் தாண்டிட்டு.”

“கட்டை வழுக்கிட்டுன்னுதானே ஊர்ல சொன்னாங்க.”

“நான்தான் சொன்னேன்.”

“பேச்சிமுத்து அண்ணாச்சிக்கு?”

“அவன்கிட்டயும் அதான் சொன்னேன்.”

உலகம்மை எழுந்தார். அரைகல்லை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார்.

“இனிமே என்கிட்ட மருந்து இல்ல. இருக்குற இடத்துக்குப் போங்க.”

மாசானம் துண்டை விலக்கிப் பார்த்தபோது அவர் மேலே ஏறிக்கொண்டிருந்தார். கல்லைக் கழுவ வேண்டியிருந்தது.

*

அந்த ஊரில் காப்பைக் குருக்கள் கட்டுவதில்லை. மஞ்சள் நூலை எடுத்துக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. வலது சக்கரத்துக்காரர் இடது சக்கரத்துக்காரருக்குக் கட்ட வேண்டும். இவருக்கு அவர் கட்ட வேண்டும். கட்டி முடித்துவிட்டால் தேர் நிலைக்கு வரும்வரை ஒருவரை விட்டு ஒருவர் ஊர் எல்லை தாண்டக் கூடாது.

காப்புக் கட்டும் நாள் காலை. மண்டபத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மேளம் நெருக்கிக்கொண்டிருந்தது. முகத்தோடு முகம் வைத்துப் பேசினாலொழியப் பேச்சு கேட்காது.

பேச்சிமுத்து கையை நீட்டினார்.

“என்ன மச்சான், நூலைக் கையில வெச்சுக்கிட்டு யோசிக்கீரு? தாலியா கட்டப் போறீரு?”

“மாப்ள, முடிச்சுப் போடதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லும்.”

“அன்னைக்குக் கட்டை வழுக்கல.”

“தெரியும்,” என்றார் பேச்சிமுத்து.

மாசானம் கையிலிருந்த நூலை இறக்கினார்.

“என்ன தெரியும்?”

“நான் எதிர்ச் சக்கரத்துல நின்னவன்லா? திரும்பிப் பாத்தேன். உம்ம ஒரு கை கட்டையில இருந்துச்சு. ஒரு கை நெஞ்சுல இருந்துச்சு.”

மேளம் கொஞ்சம் தணிந்து மறுபடி எழுந்தது.

“ஒரு வருசமா ஏன் கேக்கல?”

“நீரா சொல்லுவீரான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னைக்கும் சொல்லலன்னா முடிச்சுப் போடதுக்கு முன்னால கைய இழுத்திருப்பேன்.” பேச்சிமுத்து தன் காலை ஆட்டிக் காட்டினார். “ரெண்டு விரல் கம்மின்னு செருப்புக்கடைக்காரன்கிட்டச் சொன்னேன். அதுக்குத் தனி அளவு கிடையாதுன்னுட்டான். கட்டும், கட்டும். குருக்கள் முறைக்காரு.”

மாசானம் அவர் கையை மடியில் இழுத்து வைத்தார். நூலைச் சுற்றினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் அவருடைய மூன்று விரல்களும் தாமாகவே பேச்சிமுத்துவின் மணிக்கட்டில் போய் உட்கார்ந்தன. எட்டு நாள் பழக்கம்.

விரலுக்கு அடியில் அது ஓடியது.

மாசானம் நிமிர்ந்து பேச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தார். முகம் சிரித்துக்கொண்டிருந்தது. விரலுக்கு அடியில் அது தறிகெட்டு ஓடியது. மாசானத்தினுடையது எந்த நாளும் ஓடாத ஓட்டம்.

“மாப்ள. உனக்கு ஓடுதே!”

“பின்ன? அந்தச் சக்கரத்தை நெனச்சா ஓடாதா?”

“இந்த வருசம்தானே?”

“எந்த வருசமும்தான். முதல் வருசத்துல இருந்தே.”

“பத்தொம்பது வருசமாவா?”

“எண்ணிக்கிட்டா இருக்கேன்?”

“ஓடும்போது நீ என்ன செய்வ?”

பேச்சிமுத்துவுக்குக் கேள்வி விளங்கவில்லை. மச்சான் ஏதோ விவகாரமாகக் கேட்கிறாரோ என்று ஒரு நொடி பார்த்தார்.

“கட்டை போடுவேன்,” என்றார்.

மாசானம் முடிச்சை இறுக்கினார்.

*

தேர் கிழக்குத் தெருவில் இறங்கியது.

தேரின் மேலே நின்றவர் வடம் இழுக்கச் சொல்லிச் சிவப்புத் துண்டை வீசினார். மாசானம் வலது சக்கரத்துக்கு முன்னால் பின்னோக்கி நடந்தார். வெறுங்கால். இரும்புப் பட்டை போட்ட சக்கரம் தெருக்கல்லை நசுக்கிக்கொண்டு அவரைப் பார்த்து வந்தது.

நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது.

காது அடைத்தது. வடம் பிடித்தவர்களின் கூச்சல் தூரத்தில் எங்கோ கேட்டது. எதிர்ப்பக்கத்தில் பேச்சிமுத்து கொஞ்சம் நொண்டி, கொஞ்சம் தாவிப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார். அவர் உதடு வெளுத்திருந்தது. மாசானம் அதை இந்த வருடம்தான் பார்க்கிறார்.

முனைக்கல் கண்ணில் பட்டது.

இருபது அடி.

நெஞ்சு விலா எலும்பில் மோதியது. கழுத்தில் மோதியது. கட்டையைப் பிடித்த விரல் நுனிகளில்கூட மோதியது. அவருடைய இடது கை மேலே எழப் பார்த்தது, போன வருடம் போன இடத்துக்கே.

மாசானம் அந்தக் கையைக் கட்டையில் வைத்தார்.

பத்து அடி. தோளில் எங்கிருந்தோ வலு வந்து இறங்குவது தெரிந்தது. வாகைக் கட்டை கையில் எடையே இல்லாதது போல இருந்தது.

அச்சு. கல். நேர்.

கட்டை உள்ளே போனது.

மரம் அலறியது. சக்கரம் கட்டையின் மேல் ஒரு விரற்கடை ஏறிக் கடித்துக்கொண்டு நின்றது. இடது சக்கரம் மட்டும் நகர்ந்தது. மொத்தத் தேரும், கலசத்திலிருந்து அச்சுவரைக்கும், முனகிக்கொண்டே வலது பக்கம் திரும்பியது. குளத்தங்கரை பின்னால் போய், தெற்குத் தெரு எதிரே வந்தது. பேச்சிமுத்து தன் கட்டையைப் போட்டார்.

தேர் நின்றது.

ஊர் கத்தியது. யாரோ மாசானத்தின் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். அவர் கட்டையின் கைப்பிடியை விடவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு உலகம்மை வந்தார். எதுவும் கேட்கவில்லை. கைப்பிடியிலிருந்து அவருடைய ஒரு கையைப் பிரித்தெடுத்து, காப்பு நூலுக்கு மேலே மூன்று விரல் வைத்தார்.

“நூத்தி நாப்பது இருக்கும், அண்ணாச்சி.”

மாசானம் எதிர்ப்பக்கம் பார்த்தார். பேச்சிமுத்து தயார் என்று கையைத் தூக்கிவிட்டார். வடம் தெற்குத் தெருவில் விறைத்துக்கொண்டிருந்தது.

“கையை விடுங்க, தாயி,” என்றார் மாசானம். “கட்டையை எடுக்கணும்.”